சுவர் காட்டும் மறவர் – பொம்பெயி நகரக் கீறல் ஓவியங்களில் கிளாடியேட்டர்களும் அவர்தம் கவசங்களும்

முன்னுரை

ஒரு நாட்டின் பழமையை அறிய விழைவோர் முதற்கண் நாடுவன நூல்களும் கல்வெட்டுகளும் நாணயங்களுமே ஆகும். இவை பெரும்பாலும் ஆள்வோராலும் செல்வராலும் கற்றோராலும் ஆக்கப் பெற்றவை. பெயர் அறியப்படாத பொதுமக்கள் தம் கண்ணால் கண்டதைத் தம் கையாலேயே பதித்து வைத்த சான்றுகள் மிகச் சிலவே. அத்தகைய அரிய சான்றுகளுள் ஒன்றாகத் திகழ்வன, பண்டைய உரோமானிய நகரங்களின் சுவர்களில் காணப்படும் கீறல் ஓவியங்கள்.

இக்கீறல்களில் அடிக்கடி இடம்பெறும் உருவங்களுள் கிளாடியேட்டர் எனப்பட்ட அரங்கப் போர் மறவரின் உருவமும் ஒன்று. மக்கள் கண்டு களிப்பதற்காக வட்டரங்கினுள் ஒருவரோடொருவர் படைக்கலம் ஏந்திப் பொருதவர்கள் இவர்கள். இவர்களை இக்கட்டுரையில் அரங்க மறவர் எனச் சுட்டுகின்றோம். கீறல் ஓவியங்கள் இவர்தம் கவசங்களைப் பற்றிக் கூறுவன யாவை, கவசத்துள் இருந்த மனிதரைப் பற்றிக் கூறுவன யாவை, இவற்றைக் கண்டு நின்ற மக்களைப் பற்றிக் கூறுவன யாவை என்னும் மூன்று வினாக்களுக்கு, பொம்பெயி நகரச் சான்றுகளைக் கொண்டு விடை காண்பதே நம் நோக்கமாகும்.

பொம்பெயியும் அதன் சுவர்களும்

இத்தாலி நாட்டின் தென்மேற்கே, வெசூவியஸ் எரிமலையின் அடிவாரத்தில் இருந்த நகரம் பொம்பெயி. கி.பி. 79இல் அம்மலை வெடித்துச் சாம்பலும் நுரைக்கல்லும் பொழிய, நகரம் முழுவதும் மண்ணுள் புதையுண்டது. 1748இல் அங்கு அகழ்வாய்வு தொடங்கிற்று. அழிவே அந்நகரின் காப்பாகவும் அமைந்தது எனலாம். வேறிடங்களில் மழையிலும் வெயிலிலும் உதிர்ந்து போன சுண்ணச் சாந்துப் பூச்சு இங்குச் சுவரோடு ஒட்டியவாறே நமக்குக் கிடைத்துள்ளது. அப்பூச்சின் மீதே மக்கள் எழுதினர், வரைந்தனர்.

இங்குச் சுவரெழுத்துகள் இருவகைப்படும். ஒன்று, தொழில்முறை எழுத்தர் தூரிகை கொண்டு வண்ணத்தால் எழுதிய விளம்பரங்கள். அரங்கப் போட்டிகளுக்கான அறிவிப்புகள் இவ்வகையின. தெசிமஸ் லுக்ரெத்தியஸ் சத்ரியஸ் வாலென்ஸ் என்னும் செல்வர் 20 இணை மறவரையும், அவர் மகன் 10 இணை மறவரையும் பொருத விடுவர் என்றும், விலங்கு வேட்டையும் வெயில் மறைக்கும் துணிப்பந்தலும் உண்டு என்றும் ஓர் அறிவிப்பு உரைக்கின்றது. அதனை எழுதிய ஏமிலியஸ் கெலர் என்பவன், நிலவொளியில் தனியே நின்று எழுதியதாகத் தன் பெயரையும் அதில் பொறித்துள்ளான்.

மற்றொன்று, எவரும் ஏவாமல், எழுத்தாணியாலோ ஆணியாலோ கரித்துண்டாலோ கீறப்பட்டவை. நம் நாட்டுத் தொல்லியலார் பானையோடுகளில் உள்ள குறிகளைக் கீறல்கள் எனக் குறிப்பர். சுவரில் அமைந்த இவற்றுக்கும் அச்சொல்லே பொருத்தமுடையது. இவற்றைத் திரட்டும் பணி 19ஆம் நூற்றாண்டில் வேகம் பெற்றது. காரல் சாங்கெமைஸ்டர் என்னும் செருமானிய அறிஞர் தொகுத்த பொம்பெயிச் சுவரெழுத்துத் தொகுதி 1871இல் வெளிவந்தது. எழுத்துகளை விடுத்துக் கீறல் ஓவியங்களை மட்டுமே தனியே ஆராய்ந்து மார்ட்டின் லங்னர் வெளியிட்ட நூல் 2001இல் வந்தது. எழுத்தை ஆவணமாக மதித்த அறிவுலகம், எளியோர் வரைந்த படத்தை அவ்வாறு மதிக்க நெடுங்காலம் ஆயிற்று என்பது இதனால் புலனாகும்.

கவசமும் அதன் முறையும்

அரங்கப் போர் உரோமில் கி.மு. 264இல் ஓர் இறுதிச் சடங்கின் பகுதியாக முதன்முதல் நிகழ்ந்தது என்பர். இறந்தாருக்குச் செய்யும் கடனாகத் தொடங்கியது, நாளடைவில் பதவி நாடுவோர் மக்களின் ஆதரவைப் பெறுதற்கு அளிக்கும் கொடையாக மாறிற்று. பொம்பெயி நகரத்து வட்டரங்கு கி.மு. 70ஐ ஒட்டிக் கட்டப்பட்டது. ஏறத்தாழ 20,000 பேர் அமரத்தக்க பரப்புடையது.

அரங்கில் பொருதோர் அனைவரும் ஒரே வகைக் கவசம் அணிந்தாரல்லர். ஒவ்வொரு பிரிவினர்க்கும் தனித்தனிப் படைக்கலம் வரையறுக்கப்பட்டிருந்தது. அவற்றுள் முதன்மையானவற்றைப் பின்வருமாறு தொகுத்துரைக்கலாம்.

முர்மில்லோ: உடலின் பெரும்பகுதியை மறைக்கும் நீண்ட கேடயம், குறுவாள், உயர்ந்த கொண்டையும் அகன்ற விளிம்பும் உடைய தலைக்கவசம், இடக்காலில் மட்டும் ஒரு குட்டையான காற்கவசம்.

திராக்ஸ்: சிறிய கேடயம், வளைந்த வாள், கழுகும் அரிமாவும் கலந்த கற்பனைப் பறவையின் தலை பொருந்திய தலைக்கவசம், முழங்காலுக்கு மேலும் நீளும் இரு காற்கவசங்கள்.

ஹோப்லோமாக்கஸ்: ஈட்டி, சிறிய வட்டக் கேடயம், குறுங்கத்தி, நீண்ட காற்கவசங்கள்.

ரெத்தியாரியஸ்: வலை, முத்தலைச் சூலம், குறுங்கத்தி. தலைக்கவசமும் கேடயமும் இல்லை. இடத்தோளில் மேல்நோக்கி எழும் உலோகத் தகடு ஒன்று உண்டு.

செக்குத்தோர்: வலைஞனை எதிர்ப்பவன். வலை சிக்காதவாறு வழவழப்பாக அமைந்த தலைக்கவசம். அதில் கண்களுக்கென இரு சிறு துளைகள் மட்டுமே.

இப்பகுப்பின் அடியில் ஒரு தெளிவான கணக்கு அமைந்திருத்தலை மாணவர்கள் உளங்கொள்ளல் வேண்டும். கேடயம் பெரிதாயின் காற்கவசம் சிறிதாகும். கேடயம் சிறிதாயின் காற்கவசம் நீளும். முர்மில்லோ இடக்காலை முன்வைத்து நிற்பான். அவனது கேடயம் மோவாய் முதல் முழங்கால் வரை மறைத்துவிடும். எஞ்சிய இடக்கால் கீழ்ப்பகுதிக்கு மட்டுமே கவசம் வேண்டப்படும். திராக்சின் கேடயம் இடுப்பளவே மறைத்தலின் அவனுக்கு இரு கால்களிலும் நீண்ட கவசம் இன்றியமையாததாயிற்று. ஒருவனுக்குக் காப்பு மிகுதி. மற்றவனுக்கு விரைவு மிகுதி. இருவரையும் நிகராக்கிப் பொருத விடுவதே ஏற்பாடு. பெரும்பாலோர்க்கு மார்பு மறைக்கப்படாமலே இருந்தது. இடுப்பில் ஆடையும் அகன்ற கச்சையுமே உண்டு. தலையும் கையும் காலும் காக்கப்பட, உயிர்நிலையாகிய மார்பு திறந்தே விடப்பட்டது. இக்கவசம் காக்கும் பொருட்டு மட்டும் அமைந்ததன்று. காட்சியின் பொருட்டும் அமைந்தது என்பதற்கு இதுவே சான்று.

கீறலும் உண்மைப் பொருளும்

சுவரில் கீறியோர் பயிற்சி பெற்ற ஓவியரல்லர். மனித உடலை அவர்கள் சில கோடுகளால் முடித்துவிடுகின்றனர். முகத்தை வரைவதும் அரிது. ஆயின் கவசம் என்று வரும்போது அவர்தம் கை நின்று நிதானிக்கின்றது. தலைக்கவசத்தின் கொண்டை, கேடயத்தின் வடிவு, கையைச் சுற்றிய கட்டு ஆகியவற்றைத் தனித்தனியே காட்டுகின்றனர். கையைச் சுற்றிய தடித்த துணிக்கட்டினை நெருங்கிய குறுக்குக் கோடுகளால் குறிப்பது இவ்வோவியங்களில் காணும் எளிய உத்தியாகும்.

இக்கீறல்கள் வெறுங்கற்பனை அல்ல என்பதை ஒப்பிட்டு அறிதற்கும் வாய்ப்புண்டு. பொம்பெயியின் அரங்கத்தை ஒட்டிய நாற்புறத் தூண் முற்றம், பிற்காலத்தில் அரங்க மறவரின் தங்குமிடமாக இருந்தது. 1766–67இல் அங்கு நிகழ்ந்த அகழ்வில் வெண்கலத் தலைக்கவசங்களும் காற்கவசங்களும் தோள் தகடுகளும் கிடைத்தன. அவற்றுள் பல இன்று நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் உள்ளன. இத்தகைய தலைக்கவசம் ஒன்று ஏறத்தாழ 4 கிலோகிராம் எடையுடையது. கம்பி வலை போன்ற கண்மறைப்பும் அகன்ற விளிம்பும் கொண்ட அக்கவசங்களை நோக்கிய பின் சுவர்க்கீறல்களை நோக்கின், எளிய கை வரைந்த கோடுகள் எத்துணை உண்மையானவை என்பது விளங்கும்.

மூன்று எழுத்துகளில் ஒரு வாழ்வு

தலைக்கவசம் மறவனின் முகத்தை மறைத்தது. அரங்கில் அமர்ந்தோர் கண்டது முகமற்ற உலோகத்தையே. ஆனால் சுவரில் கீறியோர் உருவத்தின் அருகே பெயரையும் எழுதினர். எத்தனை முறை பொருதான், எத்தனை முடி பெற்றான் என்னும் எண்ணிக்கையையும் எழுதினர். இறுதியில் ஓர் எழுத்தையும் இட்டனர். வென்றான் என்னும் இலத்தீன் சொல்லின் முதலெழுத்து ஒன்று. தோற்றும் உயிருடன் விடுவிக்கப்பட்டான் என்பதன் முதலெழுத்து மற்றொன்று. மாண்டான் என்பதன் முதலெழுத்து மூன்றாவது. ஒரு மனிதனின் அன்றைய நாள் முழுவதும் இம்மூன்றனுள் ஓர் எழுத்தில் அடங்கிற்று.

நுகேரியா வாயிலுக்கு வெளியே உள்ள கல்லறைகளில் கண்டெடுக்கப்பட்ட கீறல்கள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அவற்றுள் ஒன்று, நோலா நகரில் மார்க்கஸ் கொமீனியஸ் ஹேரெஸ் என்பவர் நடத்திய நான்கு நாள் விழாவைக் காட்டுகின்றது. கொம்பு ஊதுவோரும் அதில் வரையப்பட்டுள்ளனர். நீரோ மன்னனின் பயிற்சிக் கூடத்தைச் சேர்ந்த ஹிலாரஸ் என்பான், 14 முறை பொருது 12 முடி பெற்றவன் என்றும் இம்முறை வென்றான் என்றும் குறிப்பு உரைக்கின்றது. அவனிடம் தோற்ற கிரேயூனஸ் விடுவிக்கப்பட்டான்.

மற்றொரு கீறலில் அதே ஹிலாரஸ் மீண்டும் தோன்றுகின்றான். இம்முறை எதிரில் நிற்பவன் மார்க்கஸ் அத்திலியஸ். அவன் பெயரை அடுத்துள்ள எழுத்து, அவன் அரங்குக்குப் புதியவன் என்பதைக் காட்டும். புதியவனே வென்றான்; பழுத்த மறவனாகிய ஹிலாரஸ் தோற்று விடுவிக்கப்பட்டான். வேறொரு கீறலில் அத்திலியஸ், 12 முறை பொருது 12 முறையும் வென்றிருந்த லூசியஸ் ரேசியஸ் ஃபெலிக்ஸ் என்பவனையும் வெல்கின்றான். தலைக்கவசம் நீங்கிய நிலையில் ஃபெலிக்ஸ் மண்டியிட்டிருப்பதாக அங்கு வரையப்பட்டுள்ளது. அவனும் உயிருடன் விடப்பட்டான்.

இக்குறிப்புகளால் நாம் பெறும் செய்திகள் இரண்டு. தோற்றோர் யாவரும் கொல்லப்பட்டனர் என்னும் பரவலான எண்ணம் முழுவதும் சரியன்று என்பது ஒன்று. அரங்க மறவர் அனைவரும் அடிமைகளோ கைதிகளோ அல்லர் என்பது மற்றொன்று. அத்திலியஸ், ஃபெலிக்ஸ் ஆகியோரின் பெயரமைப்பு அவர்கள் உரிமைக் குடிமக்கள் என்பதைக் காட்டுவதாக அறிஞர் கருதுவர். உரிமையுடைய மனிதன் ஒருவன் தன்னைத் தானே ஒப்பந்தத்தால் பிணித்துக் கொண்டு இத்தொழிலுள் இறங்குவதும் அக்காலத்தில் உண்டு. கடனா, வறுமையா, புகழ்ப்பற்றா, எது அவனை உந்தியது என்பதைச் சுவர் கூறவில்லை.

அரங்க மறவர் தங்கியிருந்த வேறோர் இல்லத்தின் தூண்களிலும் நூற்றுக்கும் மேற்பட்ட கீறல்கள் உள. கெலாதஸ் என்னும் திராக்ஸ் இளமகளிரின் நெஞ்சைக் கவர்ந்தவன் என அங்குப் புகழப்படுகின்றான். சட்டத்தின் முன் இழிந்தோராகக் கருதப்பட்டவரே தெருவில் போற்றப்பட்டனர் என்னும் முரண்பாடு இங்கு வெளிப்படுகின்றது. மதிப்பின்றியே புகழ் பெறலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கண்டு நின்றோர்

கீறல்கள் மறவரைப் பற்றியன மட்டுமல்ல. கீறியவரைப் பற்றியனவும் ஆகும். கி.பி. 59இல் பொம்பெயி அரங்கில் போட்டி நிகழ்ந்தபோது, பொம்பெயி மக்களுக்கும் அண்டை நகரமாகிய நுகேரியாவின் மக்களுக்கும் இடையே முதலில் வசைமொழியும், பின்னர்க் கல்லும், இறுதியில் வாளும் பாய்ந்தன. பலர் மாண்டனர். உரோமின் ஆட்சி மன்றம் அந்நகரில் இத்தகைய கூட்டங்களுக்குப் 10 ஆண்டுகள் தடை விதித்தது. இதனை வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் பதிவு செய்துள்ளார். இந்நிகழ்ச்சியைச் சுட்டும் கீறல் ஓவியம் ஒன்றும் பொம்பெயி இல்லம் ஒன்றின் சுவரில் இருந்தது. படைக்கலம் அணிந்த ஒருவன் கையில் வெற்றிக்குரிய ஓலையுடன் படியிறங்கி வருகின்றான். அதன் கீழுள்ள தொடர், அவ்வெற்றியால் வென்றோரும் தோற்றோருடன் சேர்ந்தே அழிந்தனர் என்னும் பொருள்படுகின்றது. அரங்கினுள் ஊட்டப்பட்ட வன்மை அரங்கோடு நில்லாமல் இருக்கைகளுக்கும் ஏறிற்று என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

இத்தகைய காட்சிகள் காண்போர் உள்ளத்தை என் செய்யும் என்பதை அக்காலத்தவரே எண்ணிப் பார்த்துள்ளனர். கி.பி. 65இல் மறைந்த மெய்யியலறிஞர் செனெக்கா, தம் நண்பருக்கு வரைந்த மடல் ஒன்றில், அரங்கக் காட்சிக்குச் சென்று திரும்புகையில் தாம் முன்னினும் கொடியவராகவும் இரக்கம் குறைந்தவராகவும் ஆவதாகக் குறிப்பிடுகின்றார். முதியவரும் கற்றவருமாகிய ஒருவரின் நிலை இதுவாயின், இளஞ்சிறாரின் நிலை யாது?

இவ்வினாவுக்கு அண்மையில் ஒரு விடை கிடைத்துள்ளது. பொம்பெயியின் பெருவீதிகளுள் ஒன்றை ஒட்டிய குடியிருப்புப் பகுதியில் நிகழ்ந்த அகழ்வில், வீடொன்றின் முற்றத்துச் சுவரில் கரியால் வரையப்பட்ட ஓவியங்கள் கண்டறியப்பட்டதாக 2024 மே மாதம் அறிவிக்கப்பட்டது. அரங்க மறவர், ஈட்டியேந்தி விலங்கை எதிர்ப்போர், பந்து விளையாடுவோர், குத்துச் சண்டையிடுவோர் ஆகியோரின் உருவங்கள் அங்குள்ளன. தன் சிறு கையைச் சுவரில் ஊன்றி அதனைச் சுற்றிலும் கரியால் வரைந்த கோடுகளும் உள்ளன. இவை சிறுவர் வரைந்தவை என்பதே ஆய்வாளர் துணிபு. நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்தின் உளவியல் அறிஞர்கள் இவற்றை ஆராய்ந்து, பிற ஓவியங்களைப் பார்த்து இவை வரையப்படவில்லை என்றும், அரங்கக் காட்சியை நேரில் கண்ட குழந்தைகளே வரைந்தனர் என்றும் கருத்துரைத்தனர். வட்டரங்கின் இருக்கைகளில் பிள்ளைகளும் அமர்ந்திருந்தனர் என்பது இதனால் பெறப்படும்.

பந்தையும் குருதிப் போரையும் ஒரே சுவரில், ஒரே கரித்துண்டால், ஒரே மகிழ்வோடு வரைந்த அக்குழந்தையின் மீது நாம் குற்றம் காண இயலாது. பெரியோர் எதனை அதன் கண்முன் வைத்தனரோ அதனையே அது திருப்பித் தந்தது. தொலைக்காட்சியும் கைப்பேசியும் வீட்டினுள்ளேயே அரங்கமைத்துத் தரும் இந்நாளில், பெற்றோரும் ஆசிரியரும் இவ்வோவியத்தின் முன் சிறிது நேரம் நின்று சிந்தித்தல் நலம் பயக்கும்.

மறைதலும் மீட்டலும்

மண்ணுள் இருந்தவரை காக்கப்பட்ட இக்கீறல்கள், வெளிப்பட்ட பின்னர் வெயிலாலும் மழையாலும் அழியத் தொடங்கின. 1943இல் போர்க்காலக் குண்டு வீச்சாலும் பொம்பெயி சேதமுற்றது. அறிஞர் எடுத்து வைத்த படிகளில் மட்டுமே இன்று வாழும் கீறல்கள் பலவாகும். உரிய காலத்தில் படியெடுக்கும் பணி எத்துணை இன்றியமையாதது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டா.

மறைந்தன எனக் கருதியவற்றை மீட்கும் வழிகளும் இன்று பிறந்துள்ளன. ஒரே இடத்தைப் பல கோணங்களிலிருந்து ஒளி பாய்ச்சிப் படம் பிடித்து, கணிப்பொறியால் அவற்றை ஒன்றிணைக்கும் முறை அவற்றுள் ஒன்று. கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய கீறலும் இதனால் நிழலாக எழுந்து தோன்றும். பொம்பெயி அரங்கத்தை ஒட்டிய நடைவழிச் சுவரில் இம்முறையைக் கையாண்ட ஆய்வாளர், அதுவரை அறியப்படாத கீறல்கள் பலவற்றைக் கண்டுள்ளனர். அரங்க மறவர் இருவர் பொருதும் காட்சியும் அவற்றுள் அடங்கும். அந்நடைவழியோ இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே அகழ்ந்து முடிக்கப்பட்ட இடமாகும். பார்த்து முடித்துவிட்டோம் என்று எண்ணிய சுவரிலும் பாராதவை எஞ்சியிருந்தன.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படும்.

1. கீறல் ஓவியங்கள் பயிலாத கையால் ஆனவையாயினும், கவசம், கேடயம் முதலியவற்றைக் காட்டுவதில் அகழ்வில் கிடைத்த பொருள்களோடு ஒத்துச் செல்கின்றன. ஆதலின் இவை நம்பத்தக்க சான்றுகளாகும்.

2. கவசங்களின் பகுப்பு, பொருவோரைக் காத்தல், காண்போரைக் கவர்தல் என்னும் இரு நோக்கங்களையும் இணைத்து அமைந்தது.

3. பெயர், எண், ஓரெழுத்து முடிவு ஆகியவற்றால் இக்கீறல்கள் அரங்க மறவரின் வாழ்வை நூல்கள் கூறாத அளவுக்கு நெருங்கிக் காட்டுகின்றன.

4. இவற்றைக் கீறியோரும் வரலாற்றின் பகுதியாவர். அவருள் குழந்தைகளும் இருந்தமை, ஒரு சமுதாயம் தன் இளையோர்க்கு எதனைக் காட்சியாக வைத்தது என்பதற்குச் சான்று பகர்கின்றது.

ஹிலாரசை அரங்கில் இறக்கிய மன்னனின் பெயரை நூல்கள் காத்தன. ஹிலாரசின் பெயரைக் காத்ததோ ஒரு கல்லறைச் சுவரில் யாரோ ஒருவர் இட்ட சில கீறல்களே. உலோகத்துள் மறைந்த மனிதனைப் பெயர் சொல்லி அழைத்த அவ்வொரு செயலால், எழுதப் பழகாத அக்கையும் வரலாற்றாசிரியரின் கையாயிற்று. பெருமன்னரைப் படிக்கும் மாணவர் எளியோர் விட்டுச் சென்ற இச்சிறு கோடுகளையும் படித்தல் வேண்டும்; தம் சுவர்களில் தம் பிள்ளைகள் இன்று வரைவது யாது என்பதையும் பார்த்தல் வேண்டும்.